கல்லில் எழுதிய குலவரிசையும் வேண்டுதலும்: சஃபாயிட்டிக் பொறிப்புகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிரியாவின் தெற்கிலுள்ள ஹவ்ரான் மலைநாட்டுக்குக் கிழக்கே தொடங்கி, ஜோர்டானின் வடகிழக்கு மூலையைக் கடந்து, சவூதி அரேபியாவின் வட எல்லைக்குள் நீளும் ஒரு பாலை இருக்கிறது. அது மணற்பாலை அன்று. எரிமலைக் குழம்பு ஆறி உடைந்த பசால்ட் கற்கள் கால் வைக்க இடமின்றிப் பரந்து கிடக்கும் கரும்பாலை. அரபியில் அதை ஹர்ரா என்பார்கள். ஏறத்தாழ கி.மு. 1ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரை, ஒட்டகமும் ஆடும் மேய்த்துக்கொண்டு அங்கே அலைந்த மக்கள் அந்தக் கற்களில் தங்கள் பெயரையும், தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்களையும், துயரையும் ஏக்கத்தையும், தெய்வங்களிடம் வேண்டியதையும் எழுதிவைத்தார்கள். இதுவரை பதிவானவை மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல். அரசன் ஆணையிடவில்லை, கோயில் கேட்கவில்லை, கூலிக்குத் தச்சர் செதுக்கவில்லை. மேய்ப்பர்கள் தாமாகவே எழுதியவை இவை.

அறிஞர்கள் இவ்வெழுத்துக்குச் சஃபாயிட்டிக் என்று பெயரிட்டது, டமாஸ்கசுக்குத் தென்கிழக்கே உள்ள ஸஃபா என்ற எரிமலைத் திடலை வைத்து. அந்தத் திடலுக்குள் பொறிப்புகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை அதற்கு வெளியேயுள்ள ஹர்ராவில்தான் கிடைக்கின்றன. எழுதியவர்கள் தங்களைச் சஃபாயிட்டிக் மக்கள் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை; இன்னாரின் மகன், இன்ன குலத்தான் என்று மட்டுமே சொன்னார்கள். அந்தச் சொல்முறையையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கற்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாய்பாடு உண்டு: முதலில் குலவரிசை, பிறகு ஒரு செயல் அல்லது உணர்ச்சி, முடிவில் ஒரு வேண்டுதல். குலவரிசையும் வேண்டுதலும் ஒரே கல்லில் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

ஒரு கல்லைப் படிப்பது எப்படி

கேள்விக்குள் போகுமுன் கல்லை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். பசால்ட்டின் மேற்பரப்பு காலப்போக்கில் கறுத்து மெருகேறியிருக்கும். கூரிய கல் ஒன்றால் கீறினாலோ கொத்தினாலோ அந்தக் கருமை பெயர்ந்து, அடியிலுள்ள வெளிர்நிறம் தெரியும். எழுதியவருக்குத் தேவைப்பட்ட கருவி அவ்வளவுதான். எழுத்துகள் 28, எல்லாம் மெய்யெழுத்துகள். உயிரெழுத்துக்குக் குறி இல்லை, இரட்டித்த மெய்க்கும் குறி இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் இல்லை. வரி வலமிருந்து இடமாகப் போகலாம், இடமிருந்து வலமாகவும் போகலாம், கல்லின் விளிம்பில் திரும்பிப் பாம்புபோல் வளைந்து மேலேறலாம். சில கற்களில் வரி சுருளாகச் சுற்றிக்கொண்டே போகிறது.

இப்படிப்பட்ட வரியில் தொடக்கம் எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே குலவரிசை கைகொடுக்கிறது. ‘ல்’ என்னும் எழுத்து ஒரு நீண்ட நேர்கோடு. பொறிப்பு ஏறக்குறைய எப்போதும் அதைக் கொண்டே தொடங்கும். ‘இன்னாரால்’ அல்லது ‘இன்னாருடையது’ என்பது அதன் பொருள். அதன் பின் ஒரு பெயர். பிறகு ‘ப்ன்’, அதாவது மகன் என்ற சொல்: ஒரு பக்கம் திறந்த வளைவு ஒன்றும், அதை அடுத்து ஒரு குட்டைக் கோடும். அந்தக் குட்டைக் கோடுதான் ‘ன்’. இங்கேதான் படிப்பவர் தடுமாறுகிறார். நீண்ட கோடு ‘ல்’, குட்டைக் கோடு ‘ன்’ என்றால், எழுதியவர் கையின் போக்கில் ஒரு கோடு கொஞ்சம் நீண்டுவிட்டால் அது எந்த எழுத்து? பல நேரங்களில், வளைவும் கோடுமாக அடுத்தடுத்து வரும் ‘ப்ன்’ என்ற இணையை முதலில் அடையாளம் கண்டு, அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பெயர்களாகப் பிரித்து, அப்படியே வரியின் திசையையும் பிடித்துவிடலாம். பெண்கள் எழுதியவை சில உண்டு. அவற்றில் ‘ப்ன்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ப்த்’, மகள், என்று வரும். ‘த்’ ஒரு சிறு சிலுவைக் குறி.

ஐரோப்பியர் கண்ணில் இவ்வெழுத்து பட்டது 1857இல், சிரில் கிரகாம் என்பவரின் பயணத்தின்போது. ஜோசஃப் ஹலேவி எழுத்துகளில் பெரும்பகுதியை இனங்கண்டார்; எஞ்சியவற்றைச் சரிசெய்து 28 எழுத்துகளையும் 1901இல் நிலைநாட்டியவர் எனோ லிட்மன். 1950இல் வெளிவந்த பெருந்தொகுப்பில் 5,380 பொறிப்புகள் இடம்பெற்றன. 1989இல் ஜெரால்டின் கிங் ஜோர்டானின் பசால்ட் பாலையில் நடத்திய மீட்புக் கள ஆய்வு ஒன்றே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்தது. மைக்கேல் மக்டொனால்டு முன்னின்று உருவாக்கிய வலைத்தொகுப்பில் இன்று நிழற்படத்தோடும் படியெடுப்போடும் அவற்றைப் பார்க்கமுடிகிறது.

குலவரிசை

தந்தை பெயரோடு நிறுத்திக்கொண்ட கற்கள் ஏராளம். மூன்று, நான்கு தலைமுறை எழுதியவை அதைவிடக் கவனத்துக்குரியவை. பத்து தலைமுறையையும் கடந்து செல்லும் கற்களும் உண்டு. ‘மகன்’ என்ற சொல்லை அத்தனை முறையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். கடினமான பசால்ட்டில் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தும்போது இது சிறு வேலையன்று. எழுதத் தெரிந்த ஒருவர் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை.

வரிசை நீளும்போது அது குலத்தின் பெயரில் போய்ச் சேர்கிறது. இப்பொறிப்புகளில் மிகுதியாக வருபவை தைஃப், அவீத் என்னும் இரு பெருங்குலங்களின் பெயர்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தத் தொடர்ச்சி பெரும் பயன் தந்திருக்கிறது: வெவ்வேறு இடங்களில் கிடைத்த கற்களின் பெயர்வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தி, அண்ணன் தம்பி, சிற்றப்பன் மகன் என்று குடும்ப மரங்களையே மீட்டெடுக்க முடிகிறது. ஆண்டு குறிக்காத கற்களைக் கால வரிசைப்படுத்தவும் இதுவே பெரிதும் உதவுகிறது. ஏனெனில் ஆண்டு குறித்தவை குறைவு. குறித்தபோதும் எண் தருவதில்லை. ‘நபத்தேயரின் போர் நடந்த ஆண்டு’, ‘மேதியர் புஸ்ராவுக்கு வந்த ஆண்டு’ என்று நிகழ்வைச் சொல்லித்தான் ஆண்டைச் சுட்டினார்கள். நபத்தேயர் பெத்ராவிலிருந்து ஆண்ட அண்டை அரசினர்; புஸ்ரா தென்சிரியாவின் நகரம்; மேதியர் என்றது கிழக்கேயிருந்து வந்த பாரசீகப் படையினரை. ஏரோது, சீசர் முதலிய பெயர்களும் இவ்வாறு வருகின்றன. உரோமப் பேரரசு என்ற பெரிய செய்தி, ஒட்டகம் மேய்த்தவனின் கல்லில் நாள்குறிக்கும் அடையாளமாக மட்டும் நிற்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்கவைக்கிறது.

குலவரிசை எழுதுவது சஃபாயிட்டிக் எழுத்தோடு மட்டும் ஒட்டிய பழக்கமன்று என்பதற்கு ஒரு கல் நல்ல சான்று. வடகிழக்கு ஜோர்டானின் வாதி சல்மாவில் கிடைத்து, அஹ்மத் அல்-ஜல்லாதும் அலி அல்-மனாசிரும் 2015இல் வெளியிட்ட கல் அது. மொழி அரபு, எழுத்தோ கிரேக்கம். எழுதியவர் அவ்ஸ். கிரேக்க எழுத்து கற்றிருந்த அவரும் முதலில் தன் முன்னோரை வரிசையாகச் சொல்லி, இதாமி என்ற குலப்பெயரை வைத்து, அதன் பிறகே தான் மேய்ச்சலுக்கு வந்ததையும், கானூன் என்ற குளிர்கால மாதத்தில் பசுந்தழை மேய்ந்ததையும் சொல்கிறார். மொழியியலாருக்கு இக்கல் புதையல். மெய்யெழுத்தால் மட்டும் அறிந்திருந்த மொழியின் உயிரொலிகள் இதில் கிரேக்க உயிரெழுத்துகளாக எழுதப்பட்டுள்ளன. நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது, எழுத்து மாறியும் வாய்பாடு மாறவில்லை என்பது.

வேண்டுதல்

குலவரிசைக்குப் பின் ‘வ’, அதாவது ‘உம்’, என்ற இணைப்போடு செய்தி தொடங்குகிறது. மேய்த்தான், முகாமிட்டான், காவலிருந்தான், வற்றாத நீர்நிலைக்குத் திரும்பினான், பாலையின் உட்பகுதிக்குப் பெயர்ந்தான், பலியிட்டான், இன்னாருக்காக ஏங்கினான், இன்னாருக்காகத் துயருற்றான். துயரைச் சொல்லும் சொற்கள் தனியாகக் கவனிக்கத்தக்கவை. இறந்தவரைக் குறிக்கையில் ‘விதியால் வீழ்த்தப்பட்டவர்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது; விதிக்கு அவர்கள் சொல் ‘மனாய்’ போன்ற ஒன்று. ஒரே கல்லில் தந்தைக்கு, தமையனுக்கு, மாமனுக்கு என்று துயரை அடுக்கிக்கொண்டே போகும் வரிகளும் உண்டு. பெயர் சொல்லி, உறவு சொல்லி, ஒவ்வொருவருக்கும் ‘துயருற்றான்’ என்ற வினையை மறுபடி எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாக ‘இவர்கள் அனைவருக்கும்’ என்று முடித்துக்கொள்ளவில்லை.

பிறகு ‘ஹ’ என்ற விளி. ‘ஹ ல்த் ஸ்ல்ம்’, அல்லாத்தே, நலம் தா. வேண்டுதல்களில் அதிகம் அழைக்கப்படுபவள் அல்லாத் என்னும் பெண் தெய்வம். ருதவ், துஷரா, குலங்களின் காவல் தெய்வங்களான காத்-தைஃப், காத்-அவீத் ஆகியோரும் வருகிறார்கள். மழை நின்றுபோனால் அழைக்கப்படுபவர் பஅல்ஷமீன், வானத்தின் தலைவர். ஹவ்ரானிலுள்ள சீஃ என்ற ஊரில் கி.மு. 33/32இல் கட்டத் தொடங்கிய அவரது கோயிலை மேய்ப்பர்கள் அறிந்திருந்தார்கள், ‘சீஃ ஊர்த் தெய்வமான பஅல்ஷமீனே’ என்றே சிலர் அழைக்கிறார்கள். ஷைஅல்-கவ்ம் என்ற தெய்வத்தின் பெயருக்கு மக்களின் துணைவன் என்பது பொருள். சிரியப் பாலைவன நகரமான பல்மீராவில் ஒரு நபத்தேயக் குதிரை வீரர் கி.பி. 132இல் எழுதிய பொறிப்பு, இத்தெய்வத்தை மது அருந்தாத நல்ல தெய்வம் என்று சொல்கிறது. கேட்டவையோ எளியவை: பாதுகாப்பு, மழை, கொள்ளைப்பொருள், பிரிந்தவரோடு மறுபடி சேர்தல், கொலைக்குப் பழி.

இவற்றுக்கும் மேல் ஒரு வேண்டுதல் கல்லையே பற்றியது. அந்த வரியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இந்த எழுத்தை அழிப்பவனுக்குக் குருடு உண்டாகட்டும் என்பது அதன் பொருள். ‘குருடு’, ‘அழித்தல்’ ஆகிய இரு சொற்களும் மூலத்தில் ஒரே வேரிலிருந்து வருகின்றன: ஆயின், வாவ், ரா என்ற மூன்றெழுத்து வேர். இன்றைய அரபியிலும் அவ்வேரிலிருந்து பிறந்த ‘அஃவர்’ என்பது ஒற்றைக்கண்ணனைக் குறிக்கும். எழுத்தை அழிப்பது அதைக் குருடாக்குவது. குருடாக்கியவனுக்குக் குருடே தண்டனை. செயலையும் தண்டனையையும் ஒரே சொல்லால் கட்டியிருக்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அழிப்பவன் புதைகுழியிலிருந்தும் வெளியே எறியப்படட்டும் என்று சபித்தார்கள்.

சாபத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வாழ்த்தும் உண்டு: இந்த எழுத்தை ‘த-ஆயின்-ய’ செய்பவனுக்குக் கொள்ளைப்பொருள் கிடைக்கட்டும். இந்த வினையை முந்தைய அறிஞர்கள் ‘தொடாமல் விட்டுவைத்தல்’ என்று கொண்டார்கள். அழைத்தல் என்ற பொருளுள்ள வேரோடு இதை இணைத்து, ‘உரக்கப் படித்தல்’ என்று அல்-ஜல்லாத் பொருள் கொள்கிறார். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. விட்டுவைப்பது சாபத்துக்கு அஞ்சியே நடந்துவிடும். அதற்குத் தனியாகப் பரிசு வேண்டியதில்லை. வாய்விட்டுப் படிப்பது ஒருவர் மனமுவந்து செய்யும் வேலை. அதற்கே வாழ்த்து வேண்டும்.

ஹானியின் பதுக்கை

இந்த வாய்பாடு வெறும் சொல்லடுக்கு அன்று, நிலத்தில் நடந்த ஒன்றோடு ஒட்டியது என்பதைக் காட்டும் சிறந்த களம், ஜோர்டான் தொல்பொருள் துறையை அன்று நடத்திவந்த லங்காஸ்டர் ஹார்டிங் ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட ஹானி என்பவரின் கற்குவியல். இறந்தவர்மேல் கற்களைக் குவித்து எழுப்பும் இதற்குப் பதுக்கை என்ற பழந்தமிழ்ச் சொல்லே பொருந்துகிறது. அவர்கள் சொல் ‘ரஜ்ம்’. ஹர்ராவில் பதுக்கைகள் பல நூறு. அவற்றின் கற்களில் எழுத்து இருப்பதாலேயே எழுத்தும் புதைப்பும் ஒரே காலத்தவை என்று சொல்லிவிட முடியாது. முன்பே எழுதப்பட்டுக் கிடந்த கற்களைப் பிறகு வந்தவர்கள் எடுத்துக் குவித்திருக்கலாம், பழைய பதுக்கையின்மேல் பின்னால் வந்தவர் எழுதியிருக்கலாம். ஹானியின் பதுக்கையில் அந்த ஐயத்துக்கு இடம் குறைவு. அடியில் ஒரு மனிதனைப் புதைத்த குழி இருந்தது. மேலே குவித்த கற்களில் உறவினரும் நண்பரும் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் பெயரையும் தந்தையர் பெயரையும் எழுதி, ஹானிக்காகக் கட்டினேன், ஹானிக்காகத் துயருற்றேன் என்று பதிந்திருந்தார்கள்.

இந்தச் சான்றை நிதானமாக எடைபோடவேண்டும். ‘கட்டினான்’ என்பது இங்கே ஒரு முழுக் கட்டடத்தைக் கட்டியதைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்ததையே சொல்கிறது என்று கொள்வதே இயல்பு. அப்படியானால் கல்லை வைப்பதும், அதில் தன் வம்சத்தோடு பெயரை எழுதுவதும், துயரைச் சொல்வதும் ஒரே செயலின் மூன்று கூறுகள். இறந்தவரைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. அவர் வீரமோ செல்வமோ பேசப்படவில்லை. துயருற்றவர்களின் குலவரிசைகளே பதுக்கையை நிறைக்கின்றன. யாருக்காக அழுதார்கள் என்பதோடு, யாரெல்லாம் அழுதார்கள் என்பதும் காக்கப்படவேண்டிய செய்தியாக அவர்களுக்கு இருந்தது.

பொழுதுபோக்கா, சடங்கா

இப்பொறிப்புகளை விளக்க இரு போக்குகள் உண்டு. மக்டொனால்டின் விளக்கம், சகாராவின் துவாரெக் மக்கள் தங்கள் திஃபினாக் எழுத்தை விளையாட்டாகக் கற்றதை ஒப்புமையாகக் கொள்கிறது. மேய்ச்சலில் நீண்ட நேரம் தனித்திருக்கும் ஆள் பொழுது போகக் கல்லில் கீறுகிறான். பள்ளி இல்லை, ஏடு இல்லை, கணக்கோ கடிதமோ எழுதும் தேவையும் இல்லை. எழுத்துகளை மரபான வரிசையில் வைக்காமல் வடிவ ஒப்புமைப்படி அடுக்கிய கற்கள் கிடைத்திருப்பது, முறையாக ஓதிக் கற்காமல் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள் என்பதற்கு வலுவான சான்று. அருகில் ஒட்டகம், குதிரைவீரன், சிங்க வேட்டை என்று வரைந்து ‘இந்த இளம் ஒட்டகம் இன்னார் வரைந்தது’ என்று பெயர் போட்டிருப்பதையும் இவ்விளக்கம் எளிதில் ஏற்கும். 2022இல் வெளியான ஆய்வில் அல்-ஜல்லாத் வேறு திசையில் போகிறார்: இவை சடங்கின் பகுதிகள், எழுதுவதே ஒரு வழிபாட்டுச் செயல் என்கிறார்.

என் முடிவு, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பது. எழுத்தை எப்படிக் கற்றார்கள் என்பதற்குப் பொழுதுபோக்கு விடை சொல்கிறது. எதை எழுதினார்கள் என்பதற்கு அது விடை சொல்லவில்லை. பொழுது போகக் கீறுகிறவர் மனம்போனபடி எழுதுவார். ஆயிரக்கணக்கானோர் சில நூறு ஆண்டுகள், ஒரே அடுக்கில், குலவரிசை முதலில், வேண்டுதல் கடைசியில் என்று எழுதமாட்டார்கள். வேண்டுதல் யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதைக் குலவரிசையே சொல்கிறது. ஒரே பெயர் நூறு பேருக்கு இருக்கும் சமூகத்தில் ‘இன்னாருக்கு நலம் தா’ என்பது முகவரி இல்லாத மடல். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று பெயர் ஏறஏற, அது ஒரே ஒருவரைச் சுட்டத் தொடங்குகிறது. எழுதியவர் இல்லாதபோது வேறொருவர் அதை உரக்கப் படித்தாலும் தெய்வத்தின் காதில் யாருடைய வேண்டுதல் என்பது மாறிப்போகாது. அழிப்பவனுக்குச் சாபமும் படிப்பவனுக்கு வாழ்த்தும் ஏன் தேவைப்பட்டன என்பதும் அப்போது விளங்குகிறது: கல் அழிந்தால் வேண்டுதல் நின்றுபோகும், படிக்கப்பட்டால் அது மறுபடி சொல்லப்படும்.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். வேண்டுதலே இல்லாமல் பெயர்களோடு நின்றுவிடும் கற்கள்தான் எண்ணிக்கையில் மிகுதி. இந்தத் தடை உண்மையானது. இத்தாலியின் பாம்பேயி நகரில் அரங்கங்களை ஒட்டிய நடைவழிச் சுவரில் சஃபாயிட்டிக் எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன, கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்துப் புதைத்த நகரம் அது. கி.பி. 69 உள்நாட்டுப் போரின்போது உரோமப் படையோடு சிரியாவிலிருந்து வந்த ஹர்ரா மக்கள் எழுதியிருக்கலாம் என்பது ஒரு முன்மொழிவு. பெரும்பாலும் பெயர்களே அங்கே உள்ளன. ஆனால் அந்தப் பெயர்களும் ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்கின்றன. நகரத்தில் வேறெவரும் படிக்கமுடியாத எழுத்தை அங்கே படிக்கக்கூடியவர்கள், உடன் வந்தவர்களும் பின்னால் வரப்போகும் நாட்டவரும் மட்டுமே. பெயரை மட்டும் எழுதியவரும் படிப்பவர் ஒருவரை எண்ணியே எழுதினார் என்று கொள்ள இது இடம் தருகிறது. வேண்டுதலை அவர் வாயால் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

எழுதியவர்கள் எண்ணியபடியே படிப்பவர்கள் வந்தார்கள் என்பதைக் கற்களே சொல்கின்றன. ‘தந்தையின் எழுத்தைக் கண்டான்’, ‘சிற்றப்பனின் தடத்தைக் கண்டான்’ என்று தொடங்கும் பொறிப்புகள் ஒரு தனி வகையாகவே இருக்கின்றன. மேய்ச்சலில் ஒரு கற்குவியலருகே வருகிறான். வளைவும் குட்டைக் கோடும் கண்ணில் படுகின்றன. வரியின் திசையைப் பிடித்துப் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறான். வரிசை தன் வீட்டுப் பெயர்களாக இருக்கிறது. பிறகு ஒரு கூரிய கல்லை எடுத்து, அதே பாறையிலோ பக்கத்துப் பாறையிலோ தன் பெயரில் தொடங்கி, தந்தை பெயர் வழியாக, சற்றுமுன் தான் படித்த அதே பெயர்களுக்கு வந்துசேரும்வரை எழுதிவிட்டு, கண்டதையும் துயருற்றதையும் சேர்க்கிறான். அந்த வகைக் கற்களில் துயருக்குப் பின் சில நேரம் வரும் தொடர் இது: எஞ்சியிருப்போர் நம்பிக்கையிழந்து நிற்கிறார்கள். அதற்கும் அடுத்து, ஹ ல்த்.